தாத்தாவின் குறுந்தட்டும் தம்பியின் பழைய மடிக்கணினியும்

தீபாவளிக்கு ஆறே நாள் இருந்தது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடமில்லை. துணிக்கடை வாசலில் ஒலிபெருக்கி, நடைபாதை முழுக்க முறுக்கும் அதிரசமும் விற்கும் கூடாரங்கள். அந்தக் கூட்டத்தில் நானும் என் தம்பியும் ஒரு பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம்.

மூன்றாவது கடையில் இருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"விண்டோஸ் 11 இதுல ஏறாது தங்கச்சி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க. ரெண்டாயிரம் ரிங்கிட்டுல நல்லதாவே கிடைக்கும்."

அப்பா வடதுறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். தீபாவளிச் செலவு தலைக்கு மேல் இருக்கும் மாதத்தில் ரெண்டாயிரம் ரிங்கிட் என்பது பேசக்கூடிய தொகையே இல்லை. தம்பி படிவம் நான்கு. பள்ளிப் பாடம், இணைய வகுப்பு, ஒப்படைப்பு எல்லாம் அந்த மடிக்கணினியில்தான்.

அன்று 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுத்திய நாளும் அதுதான். பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு. ஆனால், அது ஓராண்டுதான். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2014இல் வாங்கிய எங்கள் கணினியில் இரண்டும் இல்லை. அதன் திரை நன்றாக இருந்தது, விசைப்பலகையும் நன்றாக இருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை மட்டும் அது செத்த கணினி.

நான் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. லினக்ஸ் எனக்குப் பாடமாகத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வீட்டுக் கணினி ஒன்றில் அதை நிறுவியதில்லை. வீடு திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: "அக்கா, நீ படிக்கிறதுதானே இது? உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மாணவர்கள் தொடங்கிய வேலை

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சின்னச் சின்னக் கருவிகளை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய வேலையைச் செய்ய வைப்பது அதன் வழி. அந்த வழியைப் பின்பற்றி, ஆனால் யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து உருவானவையே இன்றைய திறந்த மூல இயங்குதளங்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்குச் சொன்னார். அப்போது அவருக்கு 21 வயது. அதுதான் லினக்ஸ்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் இன்னொரு மாணவர், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தபடியே டெபியன் என்னும் தொகுப்பைத் தொடங்கினார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். லினக்ஸ் என்பது கணினியின் கருவகம் மட்டுமே. அதோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, நம் கையில் தருவது டெபியன் போன்ற தொகுப்புகள்தாம். உபுண்டுவும் டெபியனிலிருந்து பிறந்ததுதான்.

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருவகமே. பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவியின் இயங்குதளம், யூனிக்ஸின் இன்னொரு கிளையான ஃபிரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்டது. உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை அனைத்தும் லினக்ஸில் ஓடுபவை. நாம் நாளும் பயன்படுத்துகிறோம், பெயர்தான் தெரிவதில்லை.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004இலேயே அறிவித்தது. குனோம் திரைச்சூழலை உருவாக்குவோரின் ஆசிய மாநாடு 2022 டிசம்பரில் கோலாலம்பூரில்தான் நடந்தது. விண்டோஸ் 10 முடிவுக்கு வருவதை முன்னிட்டு, கேடிஇ உள்ளிட்ட சமூகங்கள் 2025இல் 'எண்ட் ஆஃப் 10' என்னும் இயக்கத்தையே தொடங்கின. ஓடுகிற கணினியைக் குப்பையில் போடாதீர்கள், லினக்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் செய்தி.

நாங்களும் அதைத்தான் செய்தோம்.

தமிழ் உண்டு, மலேசியா இல்லை

தீபாவளி முடிந்த சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு 120 ரிங்கிட்டுக்கு வாங்கிய திண்மநிலைத் தட்டைப் பொருத்தினேன். தம்பியின் பாடக் கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுத்தோம். பிறகு டெபியன் 13ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றினோம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான பதிப்பு அது. 'டிரிக்ஸி' என்பது அதன் செல்லப்பெயர். டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படங்களின் பாத்திரங்கள் பெயரைத்தான் வைப்பார்கள். ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொதிகள் இதில் இருக்கின்றன என்றதும் தம்பி நம்பவில்லை. "எல்லாம் ஃப்ரீயா?" என்றான்.

நிறுவி தொடங்கியதும் வந்த முதல் திரை மொழிப் பட்டியல். ஆங்கில அகர வரிசையில் இறங்கிக்கொண்டே போனால், கீழே, தமிழ் எழுத்திலேயே 'தமிழ்'.

நான் அதைக் கடந்துபோகப் பார்த்தேன். தம்பிதான் கையைப் பிடித்து நிறுத்தினான். "அதைப் போடுக்கா. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

திரை முழுக்கத் தமிழாக மாறியது. ஒரு பெரிய நிறுவனம் சம்பளம் கொடுத்து முதலிலிருந்து கடைசிவரை செய்து முடித்த வேலை இல்லை இது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தமிழர்கள், பெரும்பாலும் தங்கள் ஓய்வு நேரத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து வைத்த வேலை. 'கோப்பு', 'சேமி', 'வெளியேறு' என்று நாம் இன்று சாதாரணமாகப் பார்க்கும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்ட வரைகலைத் திரை தேவை என்பதால், டெபியனின் வரைகலை நிறுவியில் மட்டுமே தமிழ் கிடைக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த திரையில் 'எந்த நாடு?' என்ற கேள்வி வந்தது. தமிழ் என்று சொன்னவருக்கு அது முதலில் காட்டிய பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. மலேசியா இல்லை. 'மற்றவை' என்பதற்குள் நுழைந்து, ஆசியாவைத் தேர்ந்து, அதற்குள்தான் மலேசியாவைக் கண்டுபிடித்தோம். தேர்ந்ததும் கணினி இன்னொரு கேள்வி கேட்டது. தமிழும் மலேசியாவும் சேர்ந்த வட்டார அமைப்பு எதுவும் தன்னிடம் இல்லை. இருப்பவற்றில் எதை எடுத்துக்கொள்வது?

வட்டார அமைப்பு என்பது ஒரு சிறிய உரைக்கோப்பு. அந்நாட்டில் அம்மொழி பேசுவோர் நாளை எப்படி எழுதுகிறார்கள், மாதங்களின் பெயர் என்ன, பணத்தின் குறியீடு எது, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் கணினியில் தமிழுக்கு அப்படி இரண்டு கோப்புகள் இருந்தன: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ். இத்தனைக்கும் யூனிகோடு கூட்டமைப்பு பேணும் வட்டாரத் தரவுத் தொகுப்பில் மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் மட்டும் நம் நாட்டுத் தமிழுக்கான கோப்பு இல்லை.

"ஏன் இல்ல?" என்றான் தம்பி.

"யாரும் எழுதிக் கொடுக்கல. அவ்வளவுதான்."

யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. இந்தியருக்காக ஒருவர் எழுதினார், இலங்கையருக்காக ஒருவர் எழுதினார். நமக்காக எழுத வேண்டியவர் நாம்தானே?

பாட்டி எடுத்துவந்த தட்டு

கணினி ஓடத் தொடங்கியதும் வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பாட்டியின் கண் திரையில் படவில்லை. பக்கவாட்டில் இருந்த குறுந்தட்டுச் செருகியில் பட்டது.

"இதுல தட்டு போட முடியுமா?"

தாத்தா தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, 1999இல், பேரப்பிள்ளைகள் கற்கும் வயதில் கற்கவேண்டியதை அறுபது வயதுக்கு மேல் கற்றார். இரண்டு விரலால் தட்டித் தட்டித் தாம் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி எழுதினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. தாத்தா 2006இல் காலமானார். அவர் எழுதியவை ஒரு குறுந்தட்டில் பாட்டியின் சேலைப் பெட்டிக்குள் இருந்தன. புதிய மடிக்கணினிகளில் தட்டுச் செருகி வருவதே இல்லை என்பதால் பல ஆண்டுகளாக அதை யாரும் திறந்ததில்லை.

தட்டு ஓடியது. உள்ளே இரண்டு கோப்புறைகள். ஒரு கோப்பைத் திறந்தேன். தமிழ் இல்லை. மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. பாட்டி என் முகத்தைப் பார்த்தார். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

அது கெட்டுப்போகவில்லை. அதை எழுதிய காலத்தில் கணினியில் தமிழுக்கு உலகம் முழுதும் ஏற்ற ஒரே குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே பேசி 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கு; மேல் 128 தமிழுக்கு. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அந்தக் குறியீட்டுக்கு இடம் தந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை அக்குறியீட்டில் உலகெங்கும் கொண்டு சேர்த்தது. தமிழ் இணைய மாநாடு 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே கூடியது. பிறகு யூனிகோடு வந்து நிலைபெற, திஸ்கி மெல்ல மறைந்தது.

மறைந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், லினக்ஸில் எழுத்துக் குறியீடுகளை மாற்றித் தரும் 'ஐகான்வ்' என்னும் சிறிய கருவி உண்டு. அதற்குத் தெரிந்த குறியீடுகளைப் பட்டியலிடச் சொன்னேன். நூற்றுக்கணக்கான பெயர்கள் திரையில் ஓடின. அவற்றுக்கு நடுவே திஸ்கி இருந்தது.

புரூனோ ஹைபிள் என்னும் நிரலாளர் 2002இல் அந்த மாற்றியை எழுதிக் குனூ நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அது எளிய வேலை அல்ல. 'கொ' என்ற எழுத்தைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடோ ஒலிக்கும் வரிசையில், முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்று சேமிக்கும். எனவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது; கொம்பைப் பார்த்ததும் நிறுத்திவைத்து, பின்னால் என்ன வருகிறது என்று பார்த்து, இடம் மாற்றி வைக்க வேண்டும். இத்தனையையும் அவர் செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதைத் திஸ்கியை உருவாக்கியவர்கள் மறைக்காமல் வெளியிட்டு வைத்ததுதான்.

ஒரே ஒரு கட்டளை. ஒரு நொடிகூட ஆகவில்லை. தாத்தாவின் முதல் வரி திரையில் வந்தது.

"காலை நான்கரைக்குத் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். பெரட்டுக்குப் போகும் தாய்மார், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயக்கொட்டகைக்கு ஓடுவார்கள்."

அம்மா படிக்கப் படிக்கப் பாட்டி ஒன்றும் பேசவில்லை. நடுவில் ஒரே ஒருமுறை, "அந்த ஆயக்கொட்டகைல நான்தான் ஆயா" என்றார். அது எங்களில் யாருக்கும் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் கிடைத்த சாவி

இரண்டாவது கோப்புறை திறக்கவில்லை. திஸ்கி என்று சொல்லி மாற்றினால் பொருளில்லாத எழுத்துக் குவியல் வந்தது. அது வேறு குறியீடு. எந்தக் குறியீடு என்று கேட்கத் தாத்தா இல்லை.

அவருடைய பழைய மாணவர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலை வழியே அவர் வீட்டுக்குப் போனோம். அச்சடித்து எடுத்துப்போன தாத்தாவின் பக்கங்களைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாத்தியார் எழுத்தும்மா இது. கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

இரண்டாவது கோப்புறையைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு நினைவு வந்தது. பிற்காலத்தில் தாத்தாவுக்கு விரல் வலி. கையால் எழுதி ஓர் அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்துகொண்டார். அச்சகத்தில் இருந்தது அவர்களுடைய சொந்த எழுத்துரு. எண்களை அவர்கள் விருப்பப்படி அமைத்திருந்தார்கள். அச்சகம் மூடிப் பல ஆண்டுகள் ஆயிற்று. எழுத்துருவும் போயிற்று.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு கோப்புறைகளும் ஒரே மனிதர் எழுதியவை, ஒரே தட்டில் இருந்தவை. ஒன்றுக்கான விதி ஊரறிய எழுதப்பட்டிருந்தது. அதனால் நமக்குத் தெரியாத ஒருவர் அதற்குச் சாவி செய்து வைத்தார். மற்றொன்றின் விதி ஒரு கடைக்குள் இருந்தது. கடையோடு அதுவும் முடிந்தது. திறந்த மூலம் என்றால் 'இலவசம்' என்றே இதுவரை நினைத்திருந்தேன். காசு மிச்சமாவது உண்மைதான். ஆனால், செய்தவர் போன பிறகும் செய்தது மற்றவருக்குப் பயன்படும் என்பதே அதைவிடப் பெரியது.

கிளம்பும்போது ஐயா உள்ளே போய் ஒரு பழைய மலரை எடுத்துவந்தார். 2002இல் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் வெளியிட்டது. தாத்தாவின் கட்டுரை ஒன்று அதில் இருந்தது. அதே கட்டுரை, பெயர் தெரியாத குறிகளாக, அந்த இரண்டாவது கோப்புறையிலும் இருந்தது.

அச்சுப் பக்கத்தை ஒருபுறமும் குறிகளை மறுபுறமும் வைத்து, எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் அட்டவணை கிடைத்துவிடும். தம்பி ஆண்டிறுதி விடுமுறையில் அந்த வேலையில் இறங்கினான். இதுவரை 93 குறிகளுக்கு எழுத்து கண்டுபிடித்திருக்கிறான். அக்கட்டுரையில் வராத எழுத்துகளுக்கு வேறு கோப்புகளில் ஊகித்துத் தேட வேண்டும். முடிந்ததும் அட்டவணையை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப் போகிறோம். அதே எழுத்துருவில் தட்டச்சான கோயில் மலர்களும் திருமணப் பத்திரிகைகளும் இன்னும் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இருக்குமோ!

அரை நொடித் தாமதம்

இந்த உலகில் எல்லாம் நலமே என்று எழுதினால் அது பொய். 2024 மார்ச் இறுதியில் நடந்ததை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்னும் சிறிய மென்பொருள் ஏராளமான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பேணிவந்தவர் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர். அவர் களைத்திருந்த வேளையில், புனைபெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, பின்னர் அதற்குள் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தோண்டினார். மூலநிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரும் முன்பே ஆபத்து தடுக்கப்பட்டது.

திறந்த கதவு என்பதால் கள்வனும் வரலாம். கவனிக்கும் கண்களும் வரலாம். கண்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. பொதுக் கிணற்றைத் தூர்வார ஊரில் ஒருவரே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

தமிழ் மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். எங்கள் கணினியில் பழைய பட்டியல்கள் நல்ல தமிழில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த வசதிகள் பல இடங்களில் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. ஒரே திரையில் ஓரிடத்தில் 'கோப்புறை', இன்னோரிடத்தில் 'அடைவு'. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வேறு சொல்லோடு தொடங்கியிருக்கிறார். அப்படி ஒன்றைத் திருத்தி அனுப்பினேன். சில நாள் கழித்து, நான் முகம் அறியாத ஒருவர் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு சொல்தான். தேர்வு முடிவு வந்தபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

முதலில் நகல் எடுங்கள். நிறுவும்போது தட்டில் இருப்பது அழிந்துபோகலாம். வீட்டுக் கோப்புகளை வேறோர் இடத்தில் வைத்து, திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே தொடங்குங்கள்.

உடனே நிறுவ வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கணினி மிகப் பழையதாக, 32-பிட் செயலி உடையதாக இருந்தால் டெபியன் 13க்கு நிறுவி கிடையாது. வேறு தொகுப்பைத் தேட வேண்டும்.

உங்கள் கல்லூரி கேட்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில விளையாட்டுகளும் சில தொழில்முறை மென்பொருள்களும் லினக்ஸில் ஓடா. பாடம் எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்க, நிரல் எழுத ஒரு குறையும் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய 1999இல் தரப்படுத்தப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகையும், ஒலிப்பு முறை விசைப்பலகையும் கிடைக்கின்றன.

நிரல் எழுதத் தெரிந்தால்தான் பங்களிக்கலாம் என்பதில்லை. லிப்ரே ஆபிஸின் மொழிபெயர்ப்பு 'வெப்லேட்' என்னும் தளத்தில் நடக்கிறது. நல்ல தமிழும் பொறுமையும் இருந்தால் போதும். தமிழகத்தில் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் இத்துறையைத் தமிழிலேயே கற்றுத் தருகிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இங்கு வந்தால், கணினி படிக்கும் எங்களைவிட நன்றாகவே செய்வீர்கள்.

வெள்ளியா, ரிங்கிட்டா?

இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று, தாத்தாவின் எழுத்துருவுக்குத் தம்பி போடும் அட்டவணை. மற்றொன்று, நான் எழுதத் தொடங்கியிருக்கும் மலேசியத் தமிழ் வட்டார அமைப்பு. இந்திய, இலங்கைக் கோப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக நிரப்பி வருகிறேன். கிழமைகளில் சிக்கல் இல்லை. மாதங்களிலும் இல்லை. பணம் என்ற வரியில் நின்றுவிட்டேன்.

"'ஆர்எம்'னே போட்டுடு" என்றான் தம்பி.

"பத்திரிகையில 'ரி.ம.'ன்னுதானே போடுறாங்க?" என்றார் அம்மா.

அப்பா, "ரிங்கிட்னு முழுசா எழுதினா என்ன?" என்றார்.

பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "என்னத்த ரிங்கிட்? வெள்ளின்னு எழுது. உங்க தாத்தா அப்படித்தான் எழுதியிருக்காரு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் இது முடிவாகப் போவதில்லை. இந்த நாட்டில் தமிழ் பேசும் எல்லாருக்கும் பொதுவான கோப்பு அது. நான்கு பேர் கூடி முடிவு செய்யவும் கூடாது. உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்?